அணைவது திரிதான்

கேள்வி: கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. மாலையில் விளக்கேற்றினால் கால் மணி நேரத்தில் அணைந்துபோகிறது. "சாமி இந்த வீட்டை விட்டுப் போயாச்சு, இனி நீ விளக்குப் பக்கமே போகாதே" என்கிறார் ஓரகத்தி. கும்பிட்டாலும் மனசில் ஒன்றும் இல்லை. கடவுள் என்னோடு இருக்கிறாரா, போய்விட்டாரா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் விளக்கைப் பார்ப்போம், சகோதரி. கால் மணி நேரத்தில் அணைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் திரியில்தான். இறுக்கி முறுக்கிய திரியில் எண்ணெய் ஏறாது. நுனியில் நனைந்திருந்தது தீர்ந்ததும் பஞ்சே கருகிக் கரிமொட்டாகக் கட்டிக்கொள்ளும். பழைய திரியை எடுத்துப் பாருங்கள், அந்த மொட்டு தெரியும். இரண்டு இழையைத் தளர்வாக முறுக்கி, முழுத் திரியையும் எண்ணெயில் ஊறவைத்து, நுனியை ஒரு நெல் நீளம் மட்டும் வெளியே விடுங்கள். புளி போட்டுத் துலக்கிய விளக்கின் மூக்கில் ஈரம் நின்றால் சுடர் படபடவென்று பொரிந்து அணையும். வெயிலில் காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், நல்லெண்ணெய் உறையாது. இரண்டு தேக்கரண்டி விட்டால் அரை மணி நேரத்துக்குத் தாராளம். மேலே மின்விசிறி சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

ஓரகத்தி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கணவரின் தலைமாட்டில் அன்று ஏற்றி வைத்ததும் விளக்குதானே? சாவு வீட்டுக்கு ஆகாதது என்றால் அங்கே எப்படி வந்தது? காரியம் முடிந்த பிறகு அன்றாட விளக்கை ஏற்றுவதுதான் பல வீடுகளில் வழக்கம். வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடாமல் இருப்பது வேறு. கணவரை இழந்தவள் விளக்கைத் தொடக்கூடாது என்பது பக்தியில் சேராது. அது கொடுமை.

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' 96, அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய். உழக்கு என்பது அந்தக் கால முகத்தல் அளவு, கால் நாழி. ஆடுகளுக்குச் சாவு இல்லாமல் இல்லை. செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையர் பொறுப்பு. கொடுத்தவர் காலம் முடிந்த பிறகும் நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. வேட்டையில் அம்பு தவறி ஒருவர் இறந்தால், எய்தவர் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க வேண்டும் என்று ஊரார் தீர்த்த கல்வெட்டுகளும் உண்டு. அந்தச் சுடர்கள் சாவிலிருந்தே ஏற்றப்பட்டவை.

கும்பிட்டால் மனசில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். இந்த நான்கு மாதத்தில் சோறு ருசித்ததா? துக்கம் மனதை மரக்க வைத்துவிடும்; அதில் ருசி போவது போலவே இறைவன் அருகில் இருக்கும் உணர்வும் போகும். உணர்வுதான் போயிருக்கிறது, அவர் போகவில்லை. இதை நான் முழு மனசோடு நம்பித்தான் எழுதுகிறேன்.

ஆகவே உணர்வைத் தேடி அலையாதீர்கள். தினமும் ஆறு மணிக்கு ஏற்றுங்கள், பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். வேண்டுதல் வராவிட்டால் வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், கேட்க அங்கே ஆள் உண்டு. எழுந்திருக்க முடியாத நாளில் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். நந்தா விளக்கே பல கை மாறி எரிந்ததுதான்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், தள்ளிப்போடாமல் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை.

ஓரகத்தி அடுத்த முறை மாலையில் வந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.