ஈவ்ஸ்டிராப்: கூரைச் சொட்டில் பிறந்த சொல்

கேள்வி: ‘ஈவ்ஸ்டிராப்’ என்றால் ஒட்டுக்கேட்பது. அதில் ‘டிராப்’ எங்கிருந்து வந்தது? எதைக் கீழே போடுகிறார்கள்?

எதையும் போடுவதில்லை, சொட்டுவது மழைநீர். ‘ஈவ்ஸ்’ என்பது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, நம் இறவாரம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மழை விட்டதும் வாசலில் பாருங்கள்: ஓட்டு நுனிக்கு நேர் கீழே மண்ணில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கழுவி வைத்ததுபோல் பொடிக்கற்கள். அந்தக் குழி வரிசைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடம்தான் இந்தச் சொல்லின் பிறந்த வீடு. பழைய ஆங்கிலத்தில் அதை ‘இறவாரச் சொட்டு’ என்ற பொருளில் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். தன் கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழாதபடி வீட்டுக்காரர் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். 868இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எழுதிய ஒரு நிலப் பத்திரம், ஊர் வழக்கப்படி அதற்கு இரண்டடி என்கிறது.

இரண்டடி போதும், ஓர் ஆள் சுவரோரம் நிற்க. உள்ளே பேசுவது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்கும். அப்படி நின்றவனுக்கு 15ஆம் நூற்றாண்டில் ‘ஈவ்ஸ்டிராப்பர்’ என்று பேர் விழுந்தது. வினைச்சொல் அதற்குப் பிறகு, ஆளின் பேரிலிருந்து பிரித்தெடுத்தது.

கேள்வி: என் மகள் ‘இயர்ஸ்டிராப்’ என்று எழுதிவிட்டாள். காது பற்றிய சொல்தானே?

காரியம் காதுடையது, சொல்லில் காது இல்லை. கூரையை நினைக்கச் சொல்லுங்கள், பிழை வராது. இன்னொன்று: ‘ஈவ்ஸ்’ ஆதியில் ஒருமை. கடைசி ‘ஸ்’ஸைப் பார்த்துப் பன்மை என்று எண்ணி, பின்னால் ‘ஈவ்’ என்று புது ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள்.

கேள்வி: பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் பேசுவது கேட்டால்?

அது ‘ஓவர்ஹியர்’. தமிழில் ‘காதில் விழுந்தது’ என்போமே, அதேதான். நீங்கள் இயர்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டினால் ஈவ்ஸ்டிராப்.

கேள்வி: ஒட்டுக்கேட்பது குற்றமா?

இங்கிலாந்தில் குற்றமாகவே இருந்தது. 1769இல் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன், சுவரடியிலும் ஜன்னலடியிலும் இறவாரத்தடியிலும் நின்று கேட்டு, அதை வைத்து அவதூறு கட்டிவிடுவோரைப் பொதுத் தொல்லை என்று எழுதினார். கேட்டதைத் திரித்துப் பரப்புவதையும் சேர்த்துச் சொன்னாரே, அது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. குடும்பங்கள் உடைவது அங்கேதான். 1967இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்தப் பழைய குற்றத்தை நீக்கினார்கள்.

கேள்வி: ‘ஈவ்ஸ்’ஸுக்கு ‘கூரை நுனி’ என்று எழுதினால் போதாதா?

பொருள் புரியும். ஆனால் இறவாரம், இறப்பு என்று நல்ல சொற்கள் கைவசம் இருக்கின்றன. புறநானூற்றில் ‘குறியிறைக் குரம்பை’ வருகிறது. ‘இறை’ என்றால் இறவாரம், ‘குறியிறைக் குரம்பை’ என்றால் குறுகிய இறவாரம் உள்ள குடிசை. மாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இறவாரத்தைக் காட்ட ஒரு பழைய ஓட்டு வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போங்கள், மழை நாளாகப் பார்த்து.