கழுவக் கழுவக் கோடு விழும் கறுப்புக் கார்

கேள்வி: கறுப்பு நிறக் கார் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவித் துடைப்பதுதான் என் பொழுதுபோக்கு. வேறு யாரையும் தொட விடுவதில்லை. அப்படியும் வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். பாலிஷ் மெஷின் வாங்கித் தேய்த்துவிடலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். வேறு யாரும் தொடுவதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை நீங்கள் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவைதான். கழுவும் முறையை மாற்றாமல் பாலிஷ் போட்டால், சில வாரங்களில் அதே வலை திரும்ப வந்துவிடும்.

வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டமாக விழுந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி, அதற்குக் குறுக்காக அமைந்த கோடுகள் மட்டும் மின்னுவதால் நமக்கு வட்டமாகத் தெரிகிறது. இரவில் பானட் மேல் டார்ச் அடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். அதனால் ‘நேர்கோட்டில் துடைத்தால் போதும்’ என்ற அறிவுரையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மண் துகள் இருந்தால் எந்தத் திசையில் தேய்த்தாலும் கீறும்.

கீறல் விழுந்திருப்பது நிறத்தின் மேல் அல்ல, நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கில். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான்தான், சாதாரணத் தாளில் ஏறக்குறைய பாதி. பாலிஷ் என்பது கீறலை நிரப்புகிற வேலை இல்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைச் சீவிச் சமன் செய்கிற வேலை. சீவியது திரும்ப வளராது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான் என்பதால், ஆசைப்பட்டபோதெல்லாம் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது.

சரி, கழுவலுக்கு வருவோம். காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கறுப்புக் காருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் சூடு ஆறியதும் ஆரம்பியுங்கள். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். டயரையும் ரிம்மையும் தனி வாளி, தனி பிரஷ் வைத்து முதலில் முடித்துவிடுங்கள். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். அந்தத் தண்ணீர் பாடியின் பக்கம் வரவே கூடாது. பிறகு வண்டி முழுவதும் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். கை படாமல் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு லாபம்.

அப்புறம் இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். தட்டையான ஸ்பாஞ்ச் மண்ணைப் பெயின்ட் மேலேயே வைத்து இழுக்கும். அதற்குப் பதில் கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் வாங்குங்கள், மண் அதன் இழைகளுக்குள் போய்விடும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். ஒரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். அதிக மண் படியும் கதவுகளின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி. வேலை முடிந்ததும் அலசிய வாளியைச் சாய்த்து அடியில் பாருங்கள். அங்கே படிந்து கிடக்கும் மண்தான் இத்தனை நாள் பானட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், போட்ட வேக்ஸையும் அது கரைத்து எடுத்துவிடும்.

துடைப்பதிலும் கவனம் தேவை. தண்ணீர் தானாகக் காய்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, அழுத்தாமல் மெல்ல இழுங்கள். ஓரத்தில் தைத்த லேபிளை முன்பே வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். டவல் தரையில் விழுந்தால் துவைக்காமல் திரும்பத் தொடாதீர்கள். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைகளில் படிந்து நீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

இப்படிச் சில வாரம் கழுவிப் பழகிய பிறகு மெஷின். அதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையை விரலில் மாட்டிக் கழுவிய பானட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் வழுக்கும் திரவம் தெளித்து, ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் தேய்க்க வேண்டும். கிளே கீழே விழுந்தால் குப்பையில்தான் போட வேண்டும். புதியவருக்கு, சுழன்றுகொண்டே இடம் மாறி ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினே சரி. ஒரே அச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி வகை ஒரே இடத்தில் சூட்டைக் கிளப்பிக் கிளியர் கோட்டைத் தீய்த்துவிடலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் மென்மையான பேடும் மிதமான பாலிஷும் வைத்துச் சோதியுங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையானதற்குப் போங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். தேய்த்த இடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பாருங்கள், பாலிஷ் விட்ட எண்ணெய்ப் பசை போய் உண்மை நிலை தெரியும். நகம் வைத்து இழுத்தால் தட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள். அதைத் துரத்திப் போனால் கிளியர் கோட் மிஞ்சாது.

கடைசியில் ஒரு காப்புப் பூச்சு. ஒரு வகைப் பனையிலிருந்து எடுக்கும் மெழுகான கார்னௌபா வேக்ஸ் ஆழமான பளபளப்புத் தரும், ஆனால் சீக்கிரம் போய்விடும். செயற்கைப் பூச்சான சிந்தெடிக் சீலன்ட் கூடுதல் காலம் நிற்கும். உங்களைப் போல வாராவாரம் வண்டியோடு நேரம் கழிப்பவருக்கு வேக்ஸே போதும் என்பேன். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்குத் துணியால் தேய்த்தால் அதிலும் கோடு விழும். பறவை எச்சத்துக்கும் எந்தப் பூச்சையும் நம்பி இருக்க வேண்டாம். கண்ட உடனே ஈரத் துணியை அதன் மேல் போட்டு, ஊறியதும் தேய்க்காமல் அப்படியே எடுத்துவிடுங்கள்.