என் லேப்டாப்பில் ஓடும் வலைச் செயலி, சர்வரில் ஏற்றியதும் வெளி நிறுவனத்தின் சர்வரோடு பேச மறுக்கிறது. பிழையை எங்கிருந்து தேடுவது?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: பிஎச்பியில் எழுதிய செயலி. உங்கள் லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றியபிறகு, பணம் வசூலிக்கும் வெளி நிறுவனத்தின் ஏபிஐயை (வேறு செயலிகள் அவர்களுடைய சர்வரோடு பேசுவதற்கான வாசல்) கூப்பிட்டால் "இணைப்பு தோல்வி" என்று வருகிறது. கூடவே கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பி.எஸ்சி. படித்த உனக்கு இதெல்லாம் பிடிபடாது என்று டீம் லீட் சொல்லிவிட்டார்." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் பி.எஸ்சி. தான்.

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "இணைப்பு தோல்வி" என்பது உங்கள் செயலியில் யாரோ எழுதிவைத்த வாக்கியம். உண்மையான பிழை அதற்கு அடியில் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்துவது கர்ல் (வேறு சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி) என்றால், அது தோற்கும்போது ஒரு எண்ணும் ஒரு வரிச் செய்தியும் கொடுக்கும். அந்த இரண்டையும் லாகில், அதாவது செயலியின் பதிவுக் கோப்பில் எழுதுங்கள். 6 என்றால் சர்வரின் பெயரிலிருந்து அதன் ஐபி (எண் முகவரி) கிடைக்கவில்லை. 7 என்றால் ஐபி கிடைத்தது, ஆனால் இணைப்பு ஏற்படவில்லை. 28 என்றால் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. 60 என்றால் எதிர் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழை உங்கள் சர்வர் நம்ப மறுக்கிறது. இந்த எண் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும். எண் தெரியாமல் கோட் வரிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது நேர விரயம்.

எனக்கு வந்தது 60.

2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. கொரோனா காலம், கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் கம்பெனி கோவையில் இருக்கும் சின்ன கம்பெனி. ஈரோட்டில் சேலை வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆன்லைன் கடை கட்டிக்கொடுத்திருந்தோம். ஆர்டர் வந்ததும் எங்கள் செயலி ஒரு கூரியர் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, பார்சலுக்கான ஏ.டபிள்யூ.பி. நம்பரை (கூரியரின் கண்காணிப்பு எண்) வாங்கும். அந்த நம்பர் வந்தால்தான் ஸ்டிக்கர் பிரிண்ட் ஆகும். ஸ்டிக்கர் இல்லாமல் பார்சல் கிடங்கை விட்டு நகராது. ஆயுத பூஜைக்கு இரண்டே வாரம் இருந்ததால் ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு சேலை வியாபாரியிடமிருந்து போன். "ஏனுங்க அம்மணி, பார்சல் எல்லாம் கட்டி வெச்சாச்சுங்க. ஸ்டிக்கர் ஒண்ணு கூட வரமாட்டேங்குதுங்க. பசங்க எல்லாம் சும்மா நிக்கறாங்க."

என் லேப்டாப்பிலிருந்து அதே கோரிக்கையை அனுப்பினேன். நம்பர் வந்தது. பிரவுசரில் கூரியர் நிறுவனத்தின் முகவரியைத் திறந்தேன். பூட்டுப் படத்தோடு அழகாகத் திறந்தது. சர்வருக்குள் போய் அங்கிருந்து கர்ல் போட்டால், சான்றிதழ் காலாவதி என்று பிழை 60. அன்றைக்கு யாரும் எதையும் டெப்ளாய் செய்யவில்லை. கடைசியாக ஏற்றியதே முந்தைய வாரம்தான்.

என் லீட் கூரியர் நிறுவனத்துக்கு மெயில் போட்டார். "உங்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது" என்று நேரடியாகவே குற்றம் சாட்டி. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, இதோ பிரவுசரின் ஸ்கிரீன்ஷாட். லீட் கடுப்பாகிவிட்டார். "வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடு. காலைல பார்த்துக்கலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு கோரிக்கையிலும் வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், நம் ஏபிஐ சாவி எல்லாம் போகிறது. சான்றிதழைச் சரிபார்க்காமல் அனுப்பினால் எதிரில் இருப்பது கூரியர் நிறுவனமா, நடுவில் புகுந்த வேறு யாரோவா என்றே தெரியாது. அவர் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு அவரே ஆஃப் செய்தார். ஸ்டிக்கர் வந்தது. பார்சல் போனது. எல்லோரும் தூங்கப் போனார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயரில் இருந்த செயலி அது. காலையில் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இப்படி "காலைல பார்த்துக்கலாம்" என்று ஆஃப் செய்தவை எங்கள் கோடில் வருஷக்கணக்காக அப்படியே கிடந்தன.

மறுபடி சர்வருக்குள் போய், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையண்ட் கட்டளையை ஓட்டினேன். ஷோசெர்ட்ஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் எதிர் சர்வர் அனுப்பும் சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக வந்து விழும். மூன்று வந்தன. ஒன்றுக்கு அடுத்தது கையெழுத்திட்டிருக்கும், அதனால் இதைச் சங்கிலி என்பார்கள். முதலாவது கூரியர் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ், அதற்கு டிசம்பர் வரை ஆயுள். இரண்டாவது, அதற்குக் கையெழுத்திட்ட, சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஆர்3, 2025 வரை. மூன்றாவது ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, 2024 செப்டம்பர் 30 வரை. மூன்றும் உயிரோடு இருந்தன! பிறகு காலாவதியானது எது?

இந்த இடத்தில்தான் நான் ஒரு மணி நேரம் சுற்றினேன். சர்வரின் கடிகாரம் தப்போ என்று பார்த்தேன், சரியாகவே இருந்தது. அப்புறம்தான் மூன்றாவது சான்றிதழுக்கு யார் கையெழுத்திட்டது என்ற வரியைப் படித்தேன். டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3. அது எதிர் சர்வர் அனுப்பியது அல்ல. எங்கள் சர்வரிலேயே, நம்பத்தக்க வேர்ச் சான்றிதழ்கள் (சங்கிலி போய் முடியும் சான்றிதழ்கள்) என்று வைத்திருக்கும் பட்டியலில் இருந்தது. அதன் ஆயுளை அச்சிட்டேன்: 2000 செப்டம்பர் 30 முதல் 2021 செப்டம்பர் 30 வரை, கிரீன்விச் நேரம் 14 மணி 1 நிமிடம் 15 நொடி. நம் நேரத்தில் மாலை 7:31. எங்கள் லாகைத் திறந்தேன். கடைசியாக நம்பர் வாங்கிய ஆர்டர் 13:58. முதலில் தோற்ற ஆர்டர் 14:03. லாகில் இருந்ததும் கிரீன்விச் நேரம்தான்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. 21 வருஷம் முன்பு யாரோ எழுதிவைத்த ஒரு தேதி, ஈரோட்டுக் கிடங்கில் பையன்களை நிறுத்தி வைத்திருக்கிறது.

ஏன் லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், உங்களுக்கும் பயன்படும். லெட்ஸ் என்க்ரிப்ட்டை நடத்துவது ஐஎஸ்ஆர்ஜி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. அவர்களுடைய வேர் 2015-இல் உருவானது. புது வேரை அப்போது எந்தக் கருவியும் நம்பாது. அதனால் ஏற்கனவே எல்லாக் கருவிகளிலும் இருந்த டிஎஸ்டி வேரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஐஎஸ்ஆர்ஜி வேரையே எல்லோரும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இருந்தும் 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்குப் புது வேர் தெரியாது. அந்தப் போன்கள் தங்களிடம் இருக்கும் வேரின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. ஆகவே அவற்றுக்காக, டிஎஸ்டி காலாவதியான பின்னும் அதன் கையெழுத்துள்ள சங்கிலியையே அனுப்புவது என்று தெரிந்தேதான் முடிவு செய்தார்கள். பழைய போன் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றிய முடிவு அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் சர்வரில் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2. ஐஎஸ்ஆர்ஜி வேர் எங்கள் பட்டியலிலும் இருந்தது. 1.0.2 அதைக் கவனிக்கவில்லை. எதிர் சர்வர் அனுப்பிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதன் கடைசி நுனிவரை போய், அங்கே செத்துக் கிடந்த டிஎஸ்டியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது. வீட்டு வாசலில் பஸ் நிற்கும்போது இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போவது மாதிரி. 1.1.0 முதல் இந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டார்கள். தன் பட்டியலில் நம்பிக்கையானது வழியிலேயே தென்பட்டால் அங்கேயே நின்றுவிடும். என் லேப்டாப்பில் இருந்தது 1.1.1. பிரவுசரும் தனக்கென்று தனி வழியில் சங்கிலியைக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தோம், இரண்டு பேர் சொன்னதும் உண்மையாகவே இருந்தது.

தீர்வு சின்னது. டிஎஸ்டி வேரை எங்கள் சர்வரின் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, பட்டியலை மறுபடி கட்டவைத்தேன். லினக்ஸ் வகைக்கு வகை கட்டளை மாறும். வேர் இல்லாமல் போனதும் 1.0.2-வும் வேறு வழி பார்த்து ஐஎஸ்ஆர்ஜி வேரைப் பிடித்துக்கொண்டது. பிஎச்பியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன். லீட் ஆஃப் செய்த வெரிஃபிகேஷனை நானே ஆன் செய்தேன். ராத்திரி ஒரு மணி.

இதைப் படித்துவிட்டு "2021-இல் ஏன் 1.0.2 வைத்திருந்தீர்கள்" என்று கேட்க ஆட்கள் வருவார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.2-க்குப் பொதுவான ஆதரவை 2019 இறுதியோடு நிறுத்தியது, தெரியும். ஆனால் பல லினக்ஸ் வெளியீடுகள் அதற்குப் பிறகும் அதே 1.0.2-ஐ வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்த்துக் கொடுத்தன. வாடிக்கையாளரின் சர்வரை என் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்ததே என்றும் கேட்கலாம். அறிவித்திருந்தது. எங்கள் தளத்தில் அவர்களுடைய சான்றிதழ் இல்லை, அதனால் அந்த அறிவிப்பு நமக்கில்லை என்று இருந்துவிட்டோம். கூரியர் நிறுவனம் எதை வைத்திருக்கிறது என்று யார் பார்த்தோம்?

மறுநாள் காலை லீட் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினார். கூரியர் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோளாறு, எங்கள் குழு சரிசெய்துவிட்டது என்று. கூரியர் நிறுவனத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. என் பெயர் அதில் இல்லாததைவிட, தப்பே செய்யாதவர்கள் தலையில் பழி விழுந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதே வருஷம் அப்ரைசலில் எனக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "பி.எஸ்சி. பேண்டில் இவ்வளவுதான் தர முடியும்." என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பி.இ. ஆட்களுக்கு வேறு பேண்ட், அதாவது வேறு சம்பள அடுக்கு. ஒரே வேலை, ஒரே டிக்கெட், ஒரே ராத்திரி. நான் படித்தது அரசு கலைக் கல்லூரியில், மதிய ஷிப்ட். காலையில் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் இருந்துவிட்டுப் போவேன். அங்கே நெட்வொர்க்ஸ் எடுத்த மேடம், நெட்வொர்க்கை விளக்கும் ஏழு அடுக்கை மனப்பாடம் செய்யவிடவில்லை. ஒரு பக்கம் திறக்காவிட்டால் எந்த அடுக்கில் நின்றது என்று கீழேயிருந்து மேலே சொல்லவைப்பார். பதில் வரும்வரை உட்காரவிட மாட்டார். அன்று ராத்திரி எனக்குக் கைகொடுத்தது அந்த வகுப்புதான். பி.இ. படித்தவர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் மதிக்கும் டெவலப்பர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். டிகிரியைப் பார்த்து "உனக்குப் பிடிபடாது" என்று முன்கூட்டியே எழுதிவிடுவதைத்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். உங்களுடையது 60-ஆக இருக்க வேண்டும் என்றில்லை. பணம் வசூலிக்கும் நிறுவனங்கள் சில, பதிவு செய்த ஐபியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். சர்வரின் ஐபியைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சர்வருக்குள் போய் கையால் கர்ல் போட்டால் ஓடி, செயலி வழியாக மட்டும் 7 வந்தால், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வெப் சர்வர் வெளியே இணைப்பதை அது இயல்பிலேயே தடுக்கும், எதிர் சர்வருக்கு இதில் சம்பந்தமே இருக்காது. எதைச் சோதித்தாலும் தோற்கும் சர்வரிலிருந்தே சோதியுங்கள், முடிந்தால் பிஎச்பி ஓடும் அதே பயனர் பெயரில். லேப்டாப்பில் வந்த பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். முதலில் தோற்ற நேரத்தையும் கடைசியாக வென்ற நேரத்தையும் நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

லீட் வெரிஃபிகேஷனை ஆஃப் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுடையது பணம் போகும் பாதை. எழுத்தில் கேளுங்கள், மெயிலில் சொல்லட்டும்.

கர்ல் கொடுக்கும் எண்ணையும் செய்தியையும் உங்கள் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள், நாளை மாலை பார்க்கிறேன். ஏபிஐ சாவி வரும் வரியை மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள்.