இஎஸ்ஆர் 46, சிஆர்பி 3: எதை நம்புவது?

கேள்வி: அக்கா, எனக்கு 58 வயது. முடக்குவாதத்துக்கு இரண்டு வருடமாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். போன வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவை ஹெல்த்ஹப் செயலியில் பார்த்தேன். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு எண்களில் இஎஸ்ஆர் 46, வரம்புக்கு மேல். சிஆர்பி 3, வரம்புக்குள். ஹீமோகுளோபின் 10.2. “சிஆர்பி சரியாக இருக்கே, வலி வயசாலதான்” என்கிறாள் மகள். எனக்கோ காலையில் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
- ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஹீமோகுளோபினைத்தான் நான் முதலில் பார்த்தேன். 46-க்கான காரணத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கலாம்.

நான் 27 வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அப்போதெல்லாம் இஎஸ்ஆரைக் கையால்தான் பார்ப்போம். 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய குழாயில் இரத்தத்தை ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, சரியாக ஒரு மணி நேரம் விடுவோம். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவு எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் இஎஸ்ஆர். உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் சில புரதங்கள் கூடிவிடும். அப்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு விறுவிறுவென இறங்கும். ஆனால் இரத்தசோகை, அதாவது உங்களைப் போல ஹீமோகுளோபின் குறைவு, இருந்தாலும் இதே வேகம்தான். அணுக்கள் குறைவாக இருப்பதால் ஒன்றையொன்று தடுப்பதில்லை. வயதும் எண்ணை ஏற்றும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்குவது பழைய கணக்கு. உங்களுக்கு 34 வரை போகலாம்.

சிஆர்பி கல்லீரலில் உண்டாகும் புரதம். அழற்சி கிளம்பினால் ஓரிரு நாளில் ஏறிவிடும், அடங்கினால் சீக்கிரமே இறங்கிவிடும். இஎஸ்ஆர் இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது அதிசயமில்லை. நெஞ்சுச்சளி, சிறுநீர்த் தொற்று வந்தாலும் இரண்டும் ஏறும். இரத்தம் கொடுத்த வாரம் காய்ச்சல் இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, மகளிடம் இதைச் சொல்லுங்கள்: சிஆர்பி வரம்புக்குள் இருக்கும்போதே மூட்டு வீங்கியிருப்பவர்கள் உண்டு. நானே அப்படித்தான். எனக்கு நோய் தொடங்கியபோது, முடக்குவாதமா என்று பார்க்க எடுக்கும் ஆர்எஃப் என்ற இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. “வேலைக் களைப்பு” என்று சொல்லி ஒரு மருந்தகத்தில் அனுப்பிவிட்டார்கள். முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆர்எஃப் தென்படாது என்பது பரிசோதனைக் கூடத்திலேயே இருந்த எனக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். எட்டு மாதம் போனது. வலது மோதிர விரல் இன்றும் முழுதாக நிமிராது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

மருத்துவர் மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். தேய்மானத்தால் வரும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விடும். முடக்குவாத இறுக்கம் ஒரு மணி நேரம் தாண்டியும் நிற்கும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விரல்கள் மடங்கி முஷ்டி பிடிக்க எவ்வளவு நேரம் ஆனது, எந்த மூட்டு வீங்கியது. பழைய இஎஸ்ஆர், சிஆர்பி எண்களையும் தேதியோடு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட அது போகும் போக்குதான் டாக்டருக்கு உதவும்.

ஹீமோகுளோபின் குறையப் பல காரணம் உண்டு: நோயே குறைக்கும், இரும்புச்சத்து போதாமல் குறையும், மெத்தோட்ரெக்சேட்டும் குறைக்கலாம், வலி மாத்திரையால் வயிற்றில் இரத்தம் கசிந்தும் குறையும். கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். அதே அறிக்கையில் ஏஎல்டி, கிரியேட்டினின் என்று இருக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைத் தாங்குகின்றனவா என்பதற்கு அவை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான்; எண்ணைப் பார்த்து நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, “கரண்டி பிடிக்க முடியவில்லை, ஹீமோகுளோபின் 10.2” என்று இந்த இரண்டையும் சொல்லி, இன்னும் சீக்கிரமான தேதி கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.