வாஸ்கோ ட காமா ஏன் வந்தார்? கடல்வழிகள் பற்றிய கேள்வி பதில்

போர்ச்சுகீசியர் காலக் கடல் வரலாறு பற்றி எது வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே வேண்டுகோள்: 1453-ஐத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

தேர்வர்_மதுரை: சார், 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து மிளகு வழியை அடைத்ததால்தானே ஐரோப்பியர் கடலில் இறங்கினார்கள்?

முதல் கேள்வியே இதுவா! தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். போர்ச்சுகல் வட ஆப்பிரிக்காவில் சியூட்டாவைப் பிடித்தது 1415. போர்ச்சுகீசிய மாலுமி ஜில் ஈயனிஷ் மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பொஜடோர் முனையைத் தாண்டியது 1434. 1444-இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்கு போட்டார்கள். தாய் ஒரு பங்கிலும் பிள்ளை இன்னொரு பங்கிலும் போனதை அரசவை வரலாற்றாசிரியர் ஜுராராவே எழுதி வைத்திருக்கிறார். எல்லாமே 1453-க்கு முன். அன்றைக்கு அவர்கள் தேடியது சகாராவைக் கடந்து வந்த தங்கம், அடிமைகள், முஸ்லிம் அரசுகளுக்கு எதிராகக் கைகோக்க ஒரு கிறிஸ்தவ அரசன். மிளகு ஆசை பிற்பாடு வந்தது.

கடலோடி_மகன்: காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது உண்மையில் என்ன நடந்தது?

இது கேள்வி. 1498 மே மாதம் நங்கூரம் போட்டதும் காமா தான் இறங்கவில்லை. இதற்கென்றே கூட்டி வந்திருந்த தண்டனைக் கைதி ஒருவனைக் கரைக்கு அனுப்பினார். செத்தாலும் நட்டமில்லை என்ற கணக்கு. கரையில் ஸ்பானிய மொழி தெரிந்த துனிசியாக்காரர்கள் இருவர், நீ நாசமாய்ப் போக, இங்கே எதற்கடா வந்தாய் என்ற பாணியில் வரவேற்றார்கள். கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருட்களையும் தேடி வந்தோம் என்றான் கைதி. நோக்கம் பற்றி நாம் எழுதும் பக்கம் பக்கமான விளக்கமெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

அடுத்தது கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குக் காணிக்கை. கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் பாத்திரம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். கரும்பு விளையும் நாட்டுக்குச் சர்க்கரை கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்! அரசரின் அதிகாரி பார்த்துச் சிரித்துவிட்டார். மக்காவிலிருந்து வரும் பரம ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், கொடுப்பதானால் தங்கம் கொடு என்றார்.

பின்னால் நடந்ததற்கு இதுதான் திறவுகோல். இங்கே விலைபோகிற சரக்கு அவர்களிடம் பெரிதாக இல்லை; பீரங்கி இருந்தது. 1502-இல் மறுபடி வந்த காமா, மக்காவிலிருந்து யாத்திரிகர்களுடன் திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை ஆட்களோடு கொளுத்தினார். பிறகு வந்தது கர்த்தாஸ் என்ற சீட்டு. போர்ச்சுகீசியரிடம் அதை வாங்கி, அவர்கள் துறையில் சுங்கமும் கட்டினால்தான் கப்பல் ஓட்டலாம். இல்லாவிட்டால் கப்பலும் சரக்கும் பறிமுதல். அதுவரை இந்தக் கடலில் யாரும் கேட்காத வசூல் இது.

பத்தாம்_வகுப்பு: காரணங்களும் விளைவுகளும், 10 மதிப்பெண்ணுக்குப் பதில் தரவும்.

தம்பி, வீட்டுப்பாடம் செய்து தருவதில்லை.

அடுப்படி: மிளகாய் அவர்கள் கொண்டு வந்ததுதானா?

ஆமாம், அமெரிக்கச் செடி. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாம் அதே கண்டத்துச் சொந்தங்கள்தான்.

சரித்திர_வாத்தியார்: வருடக்கணக்காக வகுப்பில் 1453 என்றுதான் நடத்துகிறேன். 1463 முதல் 1479 வரை வெனிஸும் துருக்கியரும் போரிட்டார்களே, மிளகு வணிகம் பாதிக்கவில்லையா?

ஐயா, வெனிஸ் மிளகு வாங்கிய கடை கான்ஸ்டான்டிநோபிளில் இல்லை. அலெக்சாண்டிரியாவிலும் பெய்ரூட்டிலும் இருந்தது. இரண்டும் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கையில். எகிப்து துருக்கியர் வசமானது 1517-இல், காமா ஊர் திரும்பிப் பதினெட்டு வருடம் கழித்து. வழி திறந்தேதான் இருந்தது. லாபம் வெனிஸுக்குப் போனதுதான் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குப் பொறுக்கவில்லை.

தேர்வு_2: 1453-க்குப் பிறகு மிளகு வழி அடைபட்டதுதானே...

மேலே படிக்கவும்.

முத்துநகர்: பரதவர் மதம் மாறியதும் இதன் தொடர்ச்சிதானே?

1530-களில் முத்துக்குளித்துறையில் நடந்தது. முத்துச் சலாபத்தின் (முத்துக்குளிப்பின்) மேல் யாருக்குப் பிடி என்ற போட்டியில் அவர்களுக்குப் போர்ச்சுகீசியப் பாதுகாப்பு தேவைப்பட்டது. சவேரியார் வந்தது அதற்குப் பின், 1542-இல். இதற்குமேல் அந்தக் கரையின் வரலாற்றை ஆய்ந்தவர்களைக் கேளுங்கள்.

வாத்தியார் மீண்டும்: அப்படியானால் 1453-க்குப் பங்கே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது, வேறு பக்கத்தில். கருங்கடல் வணிகம் இத்தாலியத் துறைமுக நகரான ஜெனோவாக்காரர்களுடையது. அங்கே அவர்கள் பிடி தளர்ந்தது. 1475-இல் கருங்கடல் கரையில் அவர்களிடமிருந்த காஃபா துறைமுகமும் துருக்கியரிடம் போயிற்று. அவர்கள் பணமும் ஆட்களும் மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீராத் தீவின் சர்க்கரை என்று நகர்ந்தது மெய். 1478-இல் மதீராவுக்குச் சர்க்கரை வாங்கப் போன ஜெனோவாக்காரர்களில் ஒருவர் கொலம்பஸ். இதை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்.

உருண்டை: உலகம் தட்டை அல்ல என்று கொலம்பஸ் நிரூபித்தாராமே?

படித்தவர் யாரும் தட்டை என்று நம்பவில்லை. சண்டை பூமியின் அளவு பற்றியது. கானரித் தீவிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கி.மீ. என்பது அவர் கணக்கு. உண்மைத் தூரம் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். எதிர்த்த அறிஞர்கள் சொன்னதே சரி.

கீழ்த்திசை: சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே போர்ச்சுகீசியருக்கு முன்பே வந்தாரே, அமைதியாக?

1405 முதல் 1433 வரை ஏழு பயணம். இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி அங்குள்ள கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த தங்கம், வெள்ளியை அடுக்குகிறது. காமாவின் தொப்பிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'அமைதியாக' என்பதை எடுத்துவிடுங்கள். 1411-இல் இலங்கையில் போரிட்டு அங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனாரைச் சீனாவுக்குப் பிடித்துப் போனவரும் அவரே.

வாத்தியார்: கடைசியாக ஒன்று. போர்ச்சுகீசியர் வந்ததும் வெனிஸ் வணிகம் அழிந்ததாவது சரிதானே?

அதுவும் இல்லை ஐயா. முதல் சில பத்தாண்டுகள் பலத்த அடி. ஆனால் மிளகு எகிப்துக்குப் போகும் செங்கடலை மூட, அதன் வாசலில் உள்ள ஏடன் துறை வேண்டும். 1513-இல் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் அதைத் தாக்கித் தோற்றார். கையூட்டு வாங்கிக்கொண்டு சரக்கை விட்ட போர்ச்சுகீசிய அதிகாரிகளும் ஏராளம். 1550-களில் அலெக்சாண்டிரியாவில் மறுபடி மிளகு தாராளமாகக் கிடைத்தது. வாங்கியதும் பழைய வெனிஸ்காரர்கள்தான்.