பழச்சுவை வோட்கா வீரியம் குறைந்ததா?

கேள்வி: துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், ஆடம்பர ஆடை நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த ஆரஞ்சு வோட்கா பாட்டிலைப் பரிசாகத் தந்தார். பழம் சேர்ந்தது என்பதால் வீரியம் குறைவு என்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் அண்ணன் அதைக் குடிக்கலாமா? திறந்த பின் எத்தனை நாள் வைக்கலாம்? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மைத்துனரின் கணிப்பு தவறு. பாட்டிலின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, லேபிளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சுவையூட்டிய வோட்காவிலும் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். 40 சதவீத வோட்காவில் சுமார் 80 மில்லி குடித்தால், 5 சதவீத வீரியமுள்ள 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றை முழுவதும் குடித்த அளவு ஆல்கஹால் உடலில் சேர்ந்துவிடும். நம்மூர் கணக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, இரண்டு பீர் பாட்டில்களையும் தாண்டிவிடும்.

பழம் என்பது பெரும்பாலும் மணம் மட்டுமே. தானியத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்த, ஏறக்குறைய மணமற்ற எரிசாராயத்தில் நீர் கலந்து, ஆரஞ்சுத் தோலின் எண்ணெயையோ வேறு சுவையூட்டியையோ சேர்க்கிறார்கள். சாறு சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் நீர்போலத் தெளிவாக இருக்கும் பாட்டிலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இனிப்பும் மணமும் ஆல்கஹாலின் காரத்தை மறைத்துவிடுவதால், சாதாரண வோட்காவைவிட வேகமாக உள்ளே இறங்கும் என்பதே என் கவலை.

ஆடை நிறுவனத்தின் பெயரும் தரச்சான்று ஆகாது. இத்தாலிய வடிவமைப்பாளர் ராபர்ட்டோ கவாலியின் பெயரில் ஒரு வோட்கா 2005-இல் சந்தைக்கு வந்தது. இத்தாலியின் கராரா பகுதிப் பளிங்குத் துகள்கள் வழியாக வடிகட்டியது என்பது அதன் விளம்பரம். பொதுவாக இத்தகைய நிறுவனங்கள் பெயரையும் பாட்டில் வடிவத்தையும் கொடுக்க, வடிசாலை நடத்துபவர் வேறு ஒருவராக இருப்பார். கூடுதல் விலை அந்த அழகான பாட்டிலுக்குத்தான். காலியான பிறகு மணிபிளான்ட் வைக்க உதவும்.

அண்ணனைப் பொறுத்தவரை, குடிக்க வேண்டாம் என்பதே என் பதில். வோட்காவில் உள்ள சர்க்கரையின் அளவு இங்கே இரண்டாம்பட்சம். ஐரோப்பிய விதிப்படி அது லிட்டருக்கு 100 கிராமுக்குக் கீழ்தான் இருக்க முடியும். ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையில் கல்லீரல் இறங்கும்போது, ரத்தத்துக்குப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து அனுப்பும் பணி குறைகிறது. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தில், ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், உளறல் ஆகியவற்றைப் போதை என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்கு, அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. அவருடைய மருத்துவரைக் கேட்காமல் ஒரு பெக் கூட ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

திறந்த பாட்டில் கெட்டுப்போகாது. ஆனால் ஆரஞ்சு எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் மணம் மாறும் என்பதால், மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைத்துச் சில மாதங்களுக்குள் முடிப்பது நல்லது. ஃப்ரீஸரில் வைத்தாலும் உறையாது. நீர் கலந்ததும் லேசாக வெண்மை படர்ந்தால், எண்ணெய் பிரிவதுதான் காரணம். வேண்டாம் என்று தோன்றினால் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். உரிமமின்றி மது விற்பது தமிழ்நாட்டில் குற்றம்.