'நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம்' என்று கையெழுத்து கேட்கிறார்களே, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் கீ-ஹோல் ஆபரேஷனில் சுத்தம் செய்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் கையெழுத்து கேட்கும் தாளில் 'தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து செய்யப்படும்' என்று இருக்கிறது. டாக்டருக்கே நம்பிக்கை இல்லையா? அப்பாவுக்கு முன்பு டி.பி. வந்திருக்கிறது, பீடியும் உண்டு. சிக்கல் வராமலிருக்க நாங்கள் என்ன செய்யவேண்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. அந்த வரி இல்லாத தாளை நீட்டினால்தான் நான் யோசிப்பேன்.

இந்த ஆபரேஷனில் இரட்டைக் குழாய் ஒன்றைத் தொண்டை வழியாக இறக்கி, ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்று கொடுத்து, மறுபக்கத்தைச் சுருங்க விடுவார்கள். கேமராவுக்கு இடம் கிடைப்பதே அதனால்தான். டி.பி. வந்த நெஞ்சில் நுரையீரல் விலாச்சுவரோடு பசை போட்டதுபோல ஒட்டியிருக்கலாம். சின்னத் துளை வழியாகவே முடித்துவிடுவேன் என்று வம்படியாகப் பிய்த்தால் நுரையீரல் கிழிந்து நாள்கணக்கில் காற்று கசியும், ரத்தமும் போகும். அந்த நேரத்தில் திறப்பது தோல்வி கிடையாது, சிக்கலைத் தவிர்க்கும் வழியே அதுதான். (1910-ல் ஸ்டாக்ஹோமில் நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்த்த யாக்கோபேயுஸ் என்ற மருத்துவர், பிறகு அந்தக் குழாய் வழியாகச் சுட்டு அறுத்ததும் இதே டி.பி. ஒட்டுகளைத்தான்!)

எனக்குக் கவலை வேறு: மூன்று வாரம் ஆகிவிட்டதே! சீழ் முதலில் தண்ணியாக இருக்கும், அப்புறம் சிலந்தி வலைபோல இழை கட்டும், கடைசியில் ஆறிய கஞ்சியில் ஆடை படிவதுபோல நுரையீரல்மேல் தடித்துப் படிந்துவிடும். அந்த ஆடை தடிக்கத் தடிக்க, திறக்கவேண்டிய வாய்ப்பும் கூடும். நல்ல நாள் பார்க்கிறோம், அமாவாசை கழியட்டும் என்று தள்ளாதீர்கள்.

பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால் நான்கு வாரமாவது முன்னால் நிறுத்தச் சொல்வோம், இதில் அவ்வளவு காத்திருக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டால் மறக்காமல் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். சுகர் கட்டுக்குள் இருக்கட்டும்.

மூன்று பந்து இருக்கும் மூச்சுப்பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். பாதிப் பேர் அதை பலூன் மாதிரி ஊதுகிறார்கள்! ஊதக்கூடாது, இளநீரை உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுத்துப் பந்தை மேலேயே நிறுத்தவேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பது வீரம் அல்ல. வலித்தால் இருமமாட்டார், இருமாவிட்டால் சளி தங்கும், அதில் நிமோனியா வரும். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். டாக்டர் சொன்னதும் எழுந்து நடக்கவேண்டும்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்ததும் நெஞ்சில் மிஞ்சும் சீழும் காற்றும் வெளியேற மாட்டும் அந்த பாட்டில். விலா இடுக்கிலிருந்து வரும் குழாயின் முனை அதிலிருக்கும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். மூச்சோடு குழாயில் தண்ணீர் ஏறி இறங்கினால் பயம் வேண்டாம். ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் போகும்போது வசதியாக இருக்கட்டுமே என்று பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது திரும்ப நெஞ்சுக்கே ஓடும். குமிழி வந்துகொண்டிருக்கையில் குழாயை யாரும் மடக்கிப் பிடிக்கவும் கூடாது, காற்று உள்ளேயே அடைபட்டு மூச்சு முட்டிவிடும்.

கேள்வி: இதே மாதிரி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். தழும்புக்குக் கீழே எரிச்சல், சட்டை பட்டாலே கூசுகிறது.
- வாசகர், காரைக்குடி

பதில்: விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு கருவி பட்டு நசுங்கினால் இப்படி ஆகும். பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நரம்பு வலிக்கென்று தனி மாத்திரை உண்டு. காய்ச்சலோ, தழும்பில் கசிவோ, மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.